வலியசாலை மாமி வண்டிக்கு மூன்று பேட்டரி

சந்தேகப்படுவதற்குச் சம்பளம் வாங்கியவன் நான். கரமனையில் ஒரு பேட்டரிக் கடையில், வாரண்டி மேசையில், இருபத்தாறு வருஷம். பேட்டரி செத்துப்போச்சு என்று யார் தூக்கிக்கொண்டு வந்தாலும், அது தானாகச் செத்ததா, இவர் கொன்றாரா என்று கண்டுபிடித்து எழுதுவது என் வேலை. ஐம்பத்து மூன்றில் விருப்ப ஓய்வு வாங்கி வீட்டில் இருக்கிறேன். வேலை போனாலும் வியாதி போகவில்லை. குக்கர் மூன்று விசில் அடித்தது என்று மனைவி சொன்னால், "நீ எண்ணினாயா, சும்மா சொல்கிறாயா?" என்று கேட்கிறேன். அவள் என்னிடம் இப்போது விசில் பற்றிப் பேசுவதில்லை.

போன வாரம் கடையிலிருந்து ஷிபு கூப்பிட்டான். எனக்குப் பிறகு அந்த மேசைக்கு வந்தவன். இப்போது மேசை இல்லை. கையடக்க மெஷின் ஒன்றிருக்கிறது. இரண்டு கிளிப்பை மாட்டினால் பத்து விநாடியில் தீர்ப்பைச் சீட்டாகத் துப்பிவிடும். எந்த வண்டிக்கு எந்த பேட்டரி என்று சொல்ல ஆப் வேறு.

"தங்கராஜ் அண்ணா, ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் வந்திருக்கு. ரெண்டு சீட்டு. ஆப்பில இந்த வண்டியே இல்லல்லோ. பண்டு வலியசாலை மாமிக்கு எந்த பேட்டரியாக்கும் கொடுத்தது?"

"எத்தனாவது பேட்டரியைக் கேக்குற?" என்றேன்.

அவன் சிரித்தான். கதை பாதிதான் அவனுக்குத் தெரியும். முழுக்கதையையும் எழுதிவிடுகிறேன். மறைத்து வைத்தாலும் சாட்சிகள் உயிரோடு இருக்கிறார்கள்.

நான் பாறசாலைப் பக்கத்துத் தமிழன். டிப்ளமோ முடித்து வந்தவனை ஆறு மாதம் சார்ஜிங் ரூமில் போட்டார்கள். ஆசிட் தெறித்து நாலு பேண்ட் சல்லடையாயிற்று. படிப்பு அவ்வளவுதான். மற்றதெல்லாம் மேனேஜர் நாயர் சார். அவர் யாரையும் திட்டிப் பார்த்ததில்லை. பேனா மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு, எழுதாமல், நம் முகத்தைப் பார்த்தபடி காத்திருப்பார். அந்த மூடி திறந்திருக்கும் அரை நிமிஷத்தில் எனக்கு நான் செய்யாத தப்பெல்லாம்கூட ஞாபகம் வரும்.

அவருடைய முறை இது. பேட்டரி வந்தால் முதலில் துடைக்காதே. மேலே உள்ள தூசியைப் பார். டெர்மினலில் ஸ்பானர் தழும்பு இருந்தால் யாரோ நோண்டியிருக்கிறார்கள். பிறகு ஆறு மூடியையும் கழற்றி முகர்ந்து பார். பிறகு ஹைட்ரோமீட்டரை ஒவ்வொரு அறையிலும் விட்டு, மிதவை காட்டும் எண்ணை எழுது. ஐந்து அறை நன்றாக இருந்து ஒன்று மட்டும் இறங்கியிருந்தால் கம்பெனி குற்றம், புதிது கொடு. ஆறும் ஒன்றுபோல் இறங்கியிருந்தால் ஆள் குற்றம். விளக்கை அணைக்காமல் போயிருப்பார், ரேடியோவைப் பாடவிட்டுத் தூங்கியிருப்பார். சார்ஜ் செய்து திருப்பிக் கொடு.

"ஆள் கள்ளம் சொல்லும். பேட்டரி சொல்லாது, கேட்டோ," என்பார்.

கேட்டேன். இருபது வருஷத்துக்கு மேல் ஆளைக் கேட்காமல் பேட்டரியையே கேட்டேன்.

ஓய்வுக்கு நாலைந்து வருஷம் முன்னால் ஜெயலட்சுமி மாமி வந்தார். கல்லூரியில் தாவரவியல் நடத்தி ஓய்வு பெற்றவர். வயது அறுபத்தொன்று. வலியசாலை அக்கிரகாரத்தில் வீடு. வளைகுடாவிலிருந்து திரும்பிய ஒருவரிடமிருந்து, கருஞ்சிவப்பில், கூரையைக் கையால் மடித்துவிடக்கூடிய ஜப்பான் வண்டியை வாங்கியிருந்தார். இருபது வருஷப் பழசு. தினமும் காலை ஆறு மணிக்கு சங்குமுகம் கடற்கரை வரை போய்வருவார். தெருவே வாசலில் நின்று பார்க்குமாம். பார்ப்பதற்காகச் சிலர் கோலத்தை மெதுவாகப் போட்டார்களாம்.

அந்த வண்டிக்குப் பேட்டரி முன்னால் இல்லை, டிக்கியில் வலது மூலையில். உள்ளே இருந்த பழையது ஆயுசு முடிந்து செத்திருந்தது. அந்த அளவில் எங்களிடம் சரக்கில்லை. ஒரு சின்னக் காரின் பேட்டரி நீளத்திலும் அகலத்திலும் சரியாக வந்தது. உயரம் மட்டும் ஒரு விரல் அதிகம். டிக்கி ஓரத்தில் ஒரு தகரப் பட்டை குறுக்கே நீட்டிக்கொண்டிருந்தது. கட்டிங் பிளையரால் கொஞ்சம் வளைத்தேன். பேட்டரி உட்கார்ந்தது. வண்டி ஒரே சுற்றில் ஸ்டார்ட் ஆயிற்று. மாமி கைதட்டினார். நான் குனிந்து வணங்கினேன். நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது.

பன்னிரண்டாம் நாள் பேட்டரி படுத்துவிட்டது.

கடைக்கு வந்ததும் ஆறு அறையிலும் பார்த்தேன். ஆயிரத்து இருநூற்றைம்பது இருக்க வேண்டிய இடத்தில் எல்லாம் ஒன்றுபோல ஆயிரத்து நூறு. ஆள் குற்றம்.

"மாமி, லைட்டை அணைக்காம விட்டிருப்பீங்களோ, இல்ல சாவியைத் திருப்பியே விட்டிருப்பீங்களோ. யோசிச்சுப் பாருங்க."

"நானா? அப்படியெல்லாம் விடமாட்டேனே." பிறகு கொஞ்சம் தாமதித்து, "விட்டிருப்பேனோ?" என்றார்.

சார்ஜ் செய்து, 'உபயோகக் குறை' என்று எழுதிய காகிதத்தோடு கொடுத்தேன். மறுபடி படுத்தது. தன் பணத்திலேயே அதைவிடப் பெரிய பேட்டரி ஒன்று போடச் சொன்னார். பெரியதற்காகத் தகரப் பட்டையை இன்னும் கொஞ்சம் வளைத்தேன். அது மூன்று வாரம் தாங்கியது. திரும்பவும் ஆறும் ஒன்றுபோல். இந்தத் தடவை எனக்கே உறுத்தியதால், சார்ஜ் ஏற்றிய பேட்டரியோடு மாமி வீட்டுக்குப் போய் வண்டியைச் சோதித்தேன். நிறுத்திய வண்டி எங்காவது கரண்டைக் குடிக்கிறதா என்று பார்க்க, பேட்டரிக்கும் வயருக்கும் நடுவில் மீட்டரைச் செருக வேண்டும். பேட்டரி டிக்கியில் இருப்பதால் டிக்கி திறந்திருக்கும். திறந்தால் உள்ளே விளக்கு எரியும். அதன் கரண்டைக் கசிவு என்று முட்டாள் எழுதிவிடுவான். அதனால் முதலில் அந்த பல்பைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள். நாயர் சார் பாடம். நான் முட்டாளா? கழற்றிப் பையில் போட்டேன். மீட்டர் கடிகாரத்துக்கு வேண்டியதை மட்டும் காட்டியது. வண்டி சுத்தம். பல்பைத் திரும்ப மாட்டிவிட்டு, "உபயோகக் குறை" என்று இரண்டாவது தடவையும் எழுதி, மாமியிடம் கையெழுத்து வாங்கினேன்.

கையெழுத்துப் போடும்போது மாமியின் உள்ளங்கையைப் பார்த்தேன். நீல மையில் 'லைட், சாவி, ரேடியோ' என்று எழுதி, ஒவ்வொன்றுக்கும் நேராக மூன்று கோடு.

"தெனம் மூணு தரம் வந்து பாக்கறேன். பாத்ததை எழுதிக்கறேன். அப்பறமும் இப்படி ஆறதுன்னா..." பேனாவை மூடினார். "எங்க அம்மாவுக்கு அறுபத்திரண்டுல ஆரம்பிச்சுது. முதல்ல கேஸை அணைக்க மறந்தா. கடைசில எங்களையே மறந்தா. எனக்கும் நேரமாயிடுத்தாக்கும்."

அப்போது உள்ளேயிருந்து ஒரு குரல்: "அதுக்குத்தான் சொல்றேன், வெள்ளிக்கிழமை ஆள் வரான், வண்டியைக் கொடுத்துட்டு அக்கடான்னு இரு!"

அனந்து மாமா. மாமியின் தம்பி, எதிர் வீடு. வாங்குகிற ஆளையும் அவரே பிடித்திருந்தார்: விழிஞ்ஞம் துறைமுகத்தில் கான்ட்ராக்ட் எடுக்கும் சேவியர். இனி கார் ஓட்டவே வேண்டாம், தனியாக வெளியேயும் போக வேண்டாம் என்பது தம்பியின் கட்சி. மாமி எதிர்க்கவில்லை. என் கையெழுத்திட்ட காகிதம் இரண்டு அவர் மேசையில் இருந்ததே.

நான் படியிறங்கும்போது, எனக்கு முன்னாலேயே வெளியே வந்திருந்த அனந்து மாமா வண்டியின் பின்பக்கத்தைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் துணியை மறைத்தார். துணியை ஏன் மறைக்க வேண்டும்? அவர் வேட்டி மடிப்பில் சாவி ஒன்று மின்னியது. தூங்கிக்கொண்டிருந்த என் சந்தேகம் எழுந்து சட்டை போட்டுக்கொண்டது. தம்பி பேட்டரியை இறக்குகிறார்! அக்கா பயந்து வண்டியை விற்பாள்! கமிஷன் தம்பிக்கு!

செவ்வாய், புதன், வியாழன், மூன்று நாளும் மதிய சாப்பாட்டு நேரத்தை வலியசாலையில் கழித்தேன். பூக்காரம்மாவின் கூடைக்குப் பின்னால் நின்றேன். செவ்வாய் இரண்டு முழம் வாங்கினேன். புதன் நாலு முழம். வியாழன் அந்த அம்மா என் முகத்தைப் பார்த்து, "வீட்டுல சண்டையா தம்பி?" என்று கேட்டுவிட்டாள். பதில் சொல்வதற்குள் அனந்து மாமா வந்தார். இருபக்கமும் பார்த்தார். சாவியைப் போட்டு டிக்கியைத் திறந்தார். தலையை உள்ளே விட்டார்.

பாய்ந்தேன். பூவும் கையுமாகப் பாய்ந்தேன். "பிடிச்சாச்சு! கையை எடுக்காதேயும்!"

மாமா நிமிர்ந்தார். வாய் நிறைய எதுவோ. கையில் ஒரு டின். டின்னுக்குள் சர்க்கரை உப்பேரி. வெல்லப்பாகில் புரட்டிய நேந்திரங்காய்த் துண்டு.

"ஓய், சத்தம் போடாதேயும்," என்றார் விழுங்கிவிட்டு. "சுகர் இருநூத்தெண்பது. ஆத்துக்காரி அரிசிப் பானைக்குள்ளகூடக் கைய விட்டுப் பாக்கறா. அக்கா வண்டி டிக்கில யார் பாப்பா? அவா உறங்கறச்சே ரெண்டு துண்டு, அவ்வளவுதான். துடைக்கறது எறும்பு வரப்படாதேன்னு."

என் மூன்று நாள் துப்பறிதல் முடிந்தது. கிடைத்தது ஒரு சர்க்கரை நோயாளி. அவமானத்தில் திரும்பினேன். மாமா விடவில்லை, மாட்டிக்கொண்ட கூச்சத்தில் பேசிக்கொண்டே போனார். "அதுவும் நிம்மதியாத் திங்க முடியறதா? இந்தப் பக்கம் மட்டும் பாகு எளகிப் போயிடறது. வெயில்னா எல்லாப் பக்கமும்னா எளகணும்?"

நின்றேன். டின்னை வாங்கித் தொட்டுப் பார்த்தேன். ஒரு பக்கம் சுட்டது. அது இருந்த இடத்தில், அந்தப் பக்கம் ஒரு சாண் தள்ளி டிக்கி விளக்கு.

"எப்ப கடைசியாத் திறந்தீரு?"

"நேத்து இதே நேரம். நடுவுல யார் திறக்கறா?"

ஒரு நாள் முழுக்க மூடிக் கிடந்த டிக்கிக்குள் டின் எப்படிச் சுடும்? குனிந்து பார்த்தேன். மூடியை இறக்கினால் அதிலுள்ள நாக்கு ஒரு சின்னப் பொத்தானை அமுக்கும், விளக்கு அணையும். அந்தப் பொத்தான் உட்கார்ந்திருந்தது ஒரு தகரப் பட்டையில். பட்டை வளைந்திருந்தது. அதில் என் கட்டிங் பிளையரின் பல் பதிந்திருந்தது. நாக்குக்குப் பொத்தான் எட்டவே எட்டாது. முதல் நாளிலிருந்து அந்த விளக்கு மூடிய டிக்கிக்குள் இரவும் பகலும் எரிந்துகொண்டே இருந்திருக்கிறது. தினசரி சங்குமுகம் ஓட்டம் கொஞ்சம் ஏற்றும். இரண்டு நாள் மழை பெய்து வண்டி எடுக்காவிட்டால் போச்சு. குற்றவாளியைப் பிடிக்க வந்த அன்று நானே அந்த பல்பைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, குற்றவாளி எங்கே என்று மீட்டரைக் கேட்டிருக்கிறேன்.

  மாமா என் முகத்தைப் பார்த்தார், பட்டையைப் பார்த்தார். மனுஷர் புத்திசாலி.

"நீர் என் டின்னைப் பத்திச் சொல்லப்படாது. நான் உம்ம தகரத்தைப் பத்திச் சொல்லலை. ஒத்துண்டீரா?"

வெட்கம் கெட்டு ஒத்துக்கொண்டேன். பட்டையை நிமிர்த்தினேன்; பெரிய பேட்டரி இடித்தது. அதைக் கழற்றித் தோளில் வைத்துக்கொண்டு கடைக்கு ஓடினேன். திட்டம் எளிது: நல்லெண்ண அடிப்படையில் புது பேட்டரி, காரணம் வேண்டாம், நான் தெய்வம்.

நாயர் சார் ஃபாரத்தை எடுத்தார். பேனா மூடியைத் திறந்தார். "காரணம்?"

"ஆல்டர்னேட்டர்ல ஒரு சின்ன..."

காத்திருந்தார்.

"ஒருவேளை கம்பெனி லாட்டுல..."

காத்திருந்தார். பேட்டரியின் மேல் மூலையில் இருந்த புதுக் கீறலை விரலால் தடவினார். "இவிடே எந்தெடோ இடிச்சது?"

அவ்வளவுதான். தகரம், பல்பு, பூக்காரம்மா, எல்லாவற்றையும் கொட்டினேன். டின்னை மட்டும் விழுங்கினேன், ஒப்பந்தம் ஒப்பந்தம்தானே. நாயர் சார் பேனாவை மூடினார். எழுதாமல் அவர் அதை மூடி நான் பார்த்தது அன்றுதான்.

"டிக்கிக்குள்ளே இந்த சாதா பேட்டரியா வெச்சது? வாயு எவிடே போகும்?"

அது வேறு! பழைய பேட்டரியின் பக்கவாட்டில் ஒரு சின்ன ரப்பர்க் குழாய் இருந்தது, வண்டியின் தரையில் ஓட்டை வழியாக வெளியே போனது. சார்ஜ் ஆகும்போது வரும் வாயுவை வெளியேற்ற. வேண்டாத ஏதோ என்று நினைத்துச் சுருட்டி வைத்திருந்தேன். அதாவது இரண்டு மாதமாக மாமியின் முதுகுக்குப் பின்னால் வாயுவை மூடி வைத்து, சங்குமுகம் அனுப்பியிருக்கிறேன். என் கண்முன்னால் கருஞ்சிவப்பு வண்டி ஆறு விதமாக வெடித்தது. நாற்காலியைத் தேடினேன். நாயர் சார் அதில் என் பேட்டரியை வைத்திருந்தார்.

பிறகு அவர் பேட்டரி தேர்ந்தெடுத்தார். ஷிபு, நீ கேட்டது இதைத்தான். அவர் எந்தப் பட்டியலையும் பார்க்கவில்லை. என்னை வலியசாலைக்கு ஓடவிட்டு, அந்தத் தட்டின் நீளம், அகலம், பட்டை வரைக்குமான உயரம் மூன்றையும் சணல் நூலில் முடிச்சுப் போட்டு எடுத்துவரச் சொன்னார். பிளஸ் எந்தப் பக்கம் என்று பார்க்கச் சொன்னார். மாறினால் வயர் எட்டாது, இழுத்தால் மூடியில் உரசித் தீப்பொறி. கவ்விப் பிடிக்கும் கிளாம்ப் மேலேயா கீழேயா என்று கேட்டார். பிறகு பஞ்சுபோன்ற கண்ணாடி நாரில் ஆசிட்டை உறிஞ்ச வைத்து மூடிய வகை, பக்கத்தில் குழாய் மாட்டும் துளை உள்ளது, நூலின் முடிச்சுக்குள் அடங்குவது ஒன்றை, ஊரிலிருந்த எல்லா டீலருக்கும் போன் போட்டு, சாலைக் கடைவீதியில் பிடித்தார். பெரியது நல்லது என்பது மூடனுடைய கணக்காம். கசிவை வைத்துக்கொண்டு பெரியது போட்டால், சாவைத் தள்ளிப்போடலாம், அவ்வளவுதான்.

"வண்டி உடமஸ்தயிடம் பறஞ்ஞோ?"

"இல்ல சார்."

"நாளை காலத்து நான் வரும். தான் பறயணம்." சொல்ல வேண்டியவன் நான் என்கிறார்.

வெள்ளிக்கிழமை எட்டரை மணி. அட்வான்ஸ் கவரோடு சேவியர் வந்திருந்தார். மாமி வாசலில், ஆர்.சி. புத்தகத்தோடு. நான் பேட்டரியைப் பொருத்தி, குழாயைச் செருகி, நிமிர்ந்து, சொன்னேன். தகரத்தை வளைத்தது நான். விளக்கை எரியவிட்டது நான். இரண்டு காகிதமும் பொய். மாமிக்கு எந்த மறதியும் இல்லை.

மாமி நம்பவில்லை. "என்னைச் சமாதானப்படுத்தறதுக்காகச் சொல்றேளா? அனந்து சொல்லச் சொன்னானா? இப்போ விளக்கு அணையறதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? உள்ள போய்ப் படுத்துண்டு பாக்கறதா?"

சரியான கேள்வி. என் போனில் வீடியோவை ஓடவிட்டு டிக்கிக்குள் வைத்து மூடினேன். ஒரு நிமிஷம். நாயர் சார் கடிகாரம் பார்த்தார். பிறகு திறந்து, எல்லோரும் தலையை நெருக்கிப் பார்த்தோம். வெளிச்சம். மூடி இறங்குகிறது. இருட்டு. சுத்தமான, கறுத்த, முழு இருட்டு. சினிமாவுக்குக் காசு கொடுத்துப் போய் இப்படி ஒரு காட்சியை நான் பார்த்ததில்லை.

அந்த இருட்டுக்குள்ளிருந்து, அந்த ஒரு நிமிஷத்தில் வெளியே டிக்கியில் சாய்ந்துகொண்டு யாரோ கிசுகிசுத்த குரலும் கேட்டது: "ஓய் தங்கராஜ், நம்ம உப்பேரி டின்னை எங்கே வெச்சீர்?"

சேவியர் முதலில் சிரித்தார். அனந்து மாமா வானத்தைப் பார்த்தார். மாமி கை நீட்டினார். மாமா வேட்டி மடிப்பிலிருந்து சாவியை எடுத்து அந்தக் கையில் வைத்தார். எதிர் வீட்டு ஜன்னல் கதவு ஒன்று மெதுவாகத் திறந்தது. அது மாமாவின் வீட்டுக் கணக்கு. நான் அதற்குள் போகவில்லை.

மாமி சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பினார். அதுவரை என்னை 'நீங்கோ' என்றவர். அப்போது 'நீ' ஆனேன்.

"சாயந்தரம் தெருவிளக்கு போடறதுக்கு முன்னாடி, டிக்கி மூடி இடுக்குல ஒரு நூல் மாதிரி வெளிச்சம் தெரியும். ரெண்டு மாசமாப் பாக்கறேன். பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும்னு நெனச்சுண்டேன். ஏன் சொல்லலேன்னு கேக்காதே. நீ என்கிட்ட என்னத்தையாவது கேட்டியா? பேட்டரியை மோந்து பாத்தே. மீட்டரைப் பாத்தே. 'மாமி, வண்டில ஏதாவது வித்தியாசமாத் தெரியறதா'ன்னு ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை கேட்டியோ?"

நாயர் சார் தன் காலைப் பார்த்தார். அவரும்தான் கேட்டதில்லை. இருபது வருஷத்துக்கு மேல் எங்கள் மேசைக்கு வந்த எத்தனை பேர் என்ன பார்த்திருந்தார்களோ.

"கேக்கல மாமி," என்றேன். 

மாமி ஆர்.சி. புத்தகத்தைச் சேவியருக்கு நீட்டாமல் இடுப்பில் செருகிக்கொண்டார். "வண்டி கொடுக்கறதா இல்லை. காப்பி குடிச்சுட்டுப் போங்கோ." பிறகு உட்கார்ந்து, கூரையை ஒரு கையால் பின்னால் தள்ளி, ஸ்டார்ட் செய்தார். அரைச் சுற்று. மலையடிவாரத்துக் கல்லாறு வரை போய்வரப் போவதாகத் தம்பியிடம் சொன்னார், கேட்கவில்லை, சொன்னார். கிளம்புவதற்கு முன் எச்சிலைத் தொட்டு, உள்ளங்கையிலிருந்த நீல மையை முந்தானையில் அழுத்தித் தேய்த்துத் துடைத்தார். முழுதும் போகிறவரை தேய்த்தார்.